கடைசிப் பக்கத்தின் கடைசி வரி



‘மாறும் தொழில்நுட்பமும் செய்தி இதழியலும்’ என்று உங்கள் இதழியல் துறையார் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் மேடையேறுகிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். அச்சு இதழ் செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒப்பாரி வைப்பார்கள். இல்லையென்றால், இனி ஒவ்வொரு கைப்பேசியும் ஒரு பத்திரிகை அலுவலகம் என்று கொட்டு முழக்குவார்கள். எனக்கு இரண்டும் வராது. நாளிதழின் செய்தி மேசையில் உதவி ஆசிரியராக உட்கார்ந்து காலம் தள்ளியவன் நான். அந்த மேசையிலிருந்து கண்ணில் பட்ட ஒரே ஒரு விஷயத்தைத்தான் இன்று பேசப்போகிறேன்.

எந்த நாளிதழையும் கையில் எடுத்து, பக்கத்தின் அடிக்குப் போங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி. இன்னாருக்காக இன்னார் இன்ன முகவரியில் அச்சிட்டு வெளியிட்டது, ஆசிரியர் இன்னார். யாரும் படிப்பதில்லை. மெய்ப்புப் பார்ப்பவர்கூடக் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுவார். இதழியலில் எனக்கு மிக முக்கியமான வரி அதுதான். தொழில்நுட்பம் இந்த நூறு ஆண்டுகளில் செய்தியை எவ்வளவோ மாற்றியிருக்கிறது. நான் கவலைப்படுவது அது இந்த வரியை என்ன செய்தது என்பதைப் பற்றி.

அந்த வரியை நமக்குக் கொடுத்தவன் வெள்ளைக்காரன், அதுவும் நல்லெண்ணத்தில் அல்ல. 1857 கிளர்ச்சி நடந்து பத்தாண்டு கழித்து, 1867-ல், அச்சகங்களையும் இதழ்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. யார் அச்சடிக்கிறான், எங்கே அச்சடிக்கிறான் என்று தெரிந்தால்தானே பிடிக்க முடியும்? போலீசுக்காகப் போட்ட வரி அது. 2023-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்து, 2024 மார்ச் முதல் தேதியிலிருந்து அது நடைமுறைக்கு வரும்வரை, விடுதலை பெற்ற இந்தியாவின் இதழ்களையும் அந்தப் பழைய சட்டம்தான் ஆண்டது.

அந்த வரி எப்படி வேலை செய்தது என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1906-ல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழ் தொடங்கியது. எழுதியவர், நடத்தியவர் என்று ஊருக்கே தெரிந்த பெயர் சுப்பிரமணிய பாரதி. சட்டப்படி பதிவான பெயர் மு. சீனிவாசன். 1908-ல் இராஜத்துரோக வழக்கு வந்தபோது போலீஸ் கைது செய்தது வரியில் இருந்த பெயரை. சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதி புதுச்சேரிக்குப் போனார். இதழும் அங்கே போய் வெளிவந்தது. பிறகு பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழையக் கூடாது என்று தடுத்தார்கள். 1910-ல் நின்றுபோனது.

பாரதியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சீனிவாசனைப் பாதி வாக்கியத்தில் கடந்துவிடுவார்கள். எனக்கு அவர் பெரிய மனிதர். ஒரு வரியில் பெயர் இருந்ததற்காகக் கம்பி எண்ணியவர். பெயருக்கு ஓர் ஆசிரியர், வேலைக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாடு பின்னாளிலும் பல இதழ்களில் இருந்தது என்பது உங்கள் பேராசிரியர்களுக்குத் தெரியும். ஆக அந்த வரி எப்போதும் முழு உண்மை சொல்லியது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அடி விழுந்தால் வாங்க ஒரு முதுகு இருந்தது. போலீசுக்காகப் போட்ட வரியைக் காலப்போக்கில் வாசகன் தனக்கென எடுத்துக்கொண்டான். செய்தி தப்பா? இதோ முகவரி. கடிதம் போடு, வக்கீல் நோட்டீஸ் விடு, நேரில் போய்ச் சத்தம் போடு. மூன்றும் நடந்திருக்கின்றன, மூன்றாவது அடிக்கடி.

இப்போது இரண்டு கேலிச்சித்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் விகடன் குழுமத்தைச் சேர்ந்தவை. நடுவில் முப்பத்தெட்டு ஆண்டு.

1987 மார்ச் கடைசியில் வந்த ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம். மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, மற்றவர் அடையாளம் சொல்வார். ஒருவரைப் பிக்பாக்கெட் போலவும் இன்னொருவரை முகமூடிக் கொள்ளைக்காரர் போலவும் சித்திரித்த அடையாளம். சட்டமன்றம் கொதித்தது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்று பேரவையே தண்டனை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பவே, சில நாள்களிலேயே விட்டுவிட்டார்கள். பின்னர் நீதிமன்றத்துக்குப் போய் அவர் ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆசிரியரைப் பிடிக்க முடிந்தது, இதழைப் பிடிக்க முடியவில்லை. அது ஏற்கெனவே சலூனிலும் ரயில் பெட்டியிலும் வீட்டுத் திண்ணையிலும் இருந்தது. அவர் சிறைக்குப் போன செய்தி வந்தபிறகு அந்த அட்டையைத் தேடிப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

2025 பிப்ரவரியில் அமெரிக்கா இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கிட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பியது. அதை வைத்து, ட்ரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு சித்திரம் ‘விகடன் ப்ளஸ்’ என்ற இணைய இதழில் வந்தது. பி.ஜே.பி. மாநிலத் தலைவர் புகார் கொடுத்தார். பிப்ரவரி 15 மாலை விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. சித்திரம் மட்டும் மறையவில்லை. சமையல் குறிப்பு, ராசிபலன், பழைய பேட்டி, விவசாயப் பக்கம் என்று எல்லாம் சேர்ந்து மறைந்தன. ஆசிரியரை யாரும் கைது செய்யவில்லை. வாசலில் போலீஸ் ஜீப் வரவில்லை. மார்ச் 6 அன்று, அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தடையை விலக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் தளம் திரும்பியது.

1910-ல் ஆட்சி இதழை எல்லையில் பிடித்தது. 1987-ல் ஆசிரியரின் உடம்பைப் பிடித்தது. 2025-ல் வாசகனின் திரையைப் பிடித்தது. மூன்றாவதில்தான் ரத்தமில்லை, சத்தமில்லை. தளம் திறக்காத வாசகன் முதலில் சந்தேகப்பட்டது தன்னுடைய நெட்பேக்கைத்தான். இதழ் என்பது கையில் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாக இருந்தவரை, விற்ற பிரதியை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. இப்போது வாசகன் எதையும் வாங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் எங்கோ இருக்கும் ஒரு கணினியிடம் கேட்டுப் பெறுகிறான். கேட்டதைக் கொடுக்காமலும் இருக்கலாம் என்பது புதிய ஏற்பாடு.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு நாளிதழ்களின் தொழில்நுட்ப வரலாறு என்பது தொண்ணூறுகள் வரை தூரத்தோடு நடத்திய மல்லுக்கட்டுதான். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் தொடங்கிய சுதேசமித்திரன் நாளிதழானது 1899-ல். அதன் மேசையில் உட்கார்ந்து தந்திச் செய்திகளை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கியவர்களில் பாரதியும் ஒருவர். 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், ஒரே ஊரில் அச்சடித்து ரயிலில் அனுப்பினால் கிராமத்துக்கு மறுநாள்தான் போகும் என்பதைப் புரிந்துகொண்டு ஊர் ஊராகப் பதிப்பு போட்டார். (அரசாங்கம் தந்திச் சேவையை 2013 ஜூலையில் மூடிவிட்டது. பெயரில் தந்தியைச் சுமந்த பத்திரிகை இன்னும் வருகிறது.) இந்து நாளிதழ் 1963-ல் சொந்த விமானத்தில் கட்டுகளை ஏற்றி அனுப்பியது. 1969-ல் பக்கத்தையே நகலாக வேறு ஊருக்கு அனுப்பி அங்கே அச்சடித்தது. 1995-ல் இணையத்துக்கு வந்தது. அவ்வளவுதான், தூரம் தீர்ந்தது.

அந்த நாள்களின் தாலுகா நிருபரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. விளம்பரம் பிடித்தால் கமிஷன். மத்தியானம் வரை அலைந்து, நியூஸ் பிரிண்டின் துண்டுத் தாளில் எழுதி, கவரில் போட்டு, மேலே ‘செய்தி – அவசரம்’ என்று எழுதி, மாவட்டத் தலைநகருக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுப்பார். பஸ் நின்றதும் எடுத்துக்கொள்ள ஆபீஸ் பையன் காத்திருப்பான். பஸ் பஞ்சரானால் அந்தத் தாலுகாவில் அன்று ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். எங்கள் மேசைக்கு வந்த அந்தக் கவர்களில் எழுத்துப் பிழை ஏராளம். ஆனால் அடியில் கையெழுத்து இருக்கும். ‘இவன் சொன்னால் சரியாக இருக்கும்’, ‘இவனிடம் இரண்டு தடவை கேள்’ என்று கையெழுத்தைப் பார்த்தே முடிவு செய்வோம்.

இன்று அதே தாலுகாவில் எல்லா நிருபர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து படமும் செய்திக்குறிப்பும் விழுகின்றன. போலீஸ் தரப்பிலிருந்து கைதானவரை நடுவில் நிற்க வைத்த படம் விழுகிறது. ஐந்து பத்திரிகைகளிலும் ஒரே வாக்கியம், ஒரே காற்புள்ளி, ஒரே பிழை. தூரத்தை ஒழித்த கருவி, சம்பவ இடத்துக்குப் போகும் அவசியத்தையும் சேர்த்து ஒழித்துவிட்டது. நிருபரைக் குறை சொல்ல மாட்டேன். அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, வீடியோ ஒன்று என்று அவரிடம் மூன்று கேட்கிறார்கள். பெட்ரோல் காசு மட்டும் பழைய காசு.

இனி, தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு பொருள், பெட்டிக்கடைச் சுவரொட்டி. வால்போஸ்டர் என்றால்தான் உங்களுக்குப் புரியும். கம்பிச் சட்டத்தில் செருகித் தொங்கும், காற்றில் படபடக்கும். அதில் நாலைந்து சொல்தான். ‘பிரபல நடிகர்…’ என்று ஆரம்பித்து மூன்று புள்ளியோடு நிற்கும். அதைப் பார்த்து நின்றவன் சில்லறை எடுத்துப் பேப்பரை வாங்கியாக வேண்டும். வாங்கிப் பார்த்தால் அந்தப் பிரபல நடிகருக்குச் சளிக்காய்ச்சல். மோசடிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மோசடிக்குப் பின்னால் ஒரு முழுத்தாள் இருந்தது. சளிக்காய்ச்சல் என்ற உண்மை இரண்டாம் பத்தியிலாவது இருந்தது. ஏமாந்தவன் கடைக்காரரிடமே திட்டிவிட்டுப் போவான். அடுத்த வாரம் அதே பேப்பரின் போஸ்டரைப் பார்த்து ஒரு கணம் யோசிப்பான்.

அந்தப் போஸ்டர் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது, நியூஸ் கார்டு என்ற பெயரில். சதுரப் படம். மேலே தொலைக்காட்சியின் முத்திரை, நடுவில் தலைவரின் முகம், கீழே அவர் சொன்னதாக இரண்டு வரி. நம் அரசியல் வாதமெல்லாம் இப்போது இந்தச் சதுரத்தில்தான் நடக்கிறது. இதற்கும் பழைய போஸ்டருக்கும் தோற்றத்தில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம், இதற்குப் பின்னால் தாள் கிடையாது. கார்டே செய்தி, கார்டோடு செய்தி முடிந்தது. அந்தத் தலைவர் எந்தக் கூட்டத்தில், எந்தக் கேள்விக்கு, எதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சொன்னார் என்பது அந்தச் சதுரத்தில் அடங்காது.

அடுத்தது இன்னும் மோசம். பத்திரிகையைப் போலி செய்ய அச்சகம் வேண்டும், ஆள் வேண்டும், இரவோடு இரவாகக் கட்டுக் கட்ட வேண்டும். கார்டைப் போலி செய்யக் கைப்பேசியும் ஐந்து நிமிஷமும் போதும். அதே முத்திரை, அதே நீலப்பட்டை, கிட்டத்தட்ட அதே எழுத்துரு, சொல்லாத வாக்கியம். தேர்தல் நேரத்தில் நம் செய்தித் தொலைக்காட்சிகள் பலவும் தங்கள் பெயரில் சுற்றும் கார்டை எடுத்துப்போட்டு, குறுக்கே சிவப்பில் ‘போலி’ என்று முத்திரை குத்தி வெளியிட்டிருக்கின்றன. யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்களுக்கு இதுவே அன்றாட வேலை. செய்தி நிறுவனம் தன் பிழையைத் திருத்துவது போய், தான் செய்யாத பிழையை மறுப்பதே ஒரு தனிப் பிரிவாகிவிட்டது. எழுத்துரு சற்றே மாறியிருப்பதை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்கிறார்கள். நாளைக்குப் போலி செய்கிறவன் எழுத்துருவையும் சரியாகப் போட்டுவிட்டால்?

நியூஸ் கார்டிலாவது, பொய்யோ நிஜமோ, ஒரு முத்திரை இருக்கிறது. வாட்ஸ்அப் ஃபார்வர்டில் அதுவும் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்கு இது முதலில் தெரிந்தது. ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாமல் டிசம்பர் 2 அன்று இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பே வரவில்லை. அந்த நாள்களில் ஊரைக் காப்பாற்றியதில் முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் பெரிய பங்கு உண்டு. படகு எங்கே, பால் எங்கே, மாத்திரை எங்கே என்று முன்பின் தெரியாதவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். அதே தகவல்களில் தேதி இல்லை, நேரம் இல்லை. மாடியிலிருந்து மீட்கப்பட்டு உறவினர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்துக்கு மறுநாளும் படகு கேட்டுச் செய்தி சுற்றியது. நல்ல மனசோடு அனுப்பிய செய்திக்கே இந்தக் கதி.

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர். சென்னையிலிருந்து காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க நிறுத்துகிறது. அந்தக் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர், அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிறார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக அதற்குப் பல நாள்களுக்கு முன்பிருந்தே அந்த வட்டாரத்துக் கைப்பேசிகளில் தகவல் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடுகிறது. அறுபத்தைந்து வயது அந்தம்மா அடித்தே கொல்லப்பட்டார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம். அதே சமயத்தில் பழவேற்காட்டில் ஒருவர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டு, பாலத்தில் தொங்கவிடப்பட்டார்.

அந்த ஆண்டு இந்தியா முழுக்க இப்படிச் சுற்றியவற்றில் ஒரு வீடியோ இருந்தது. தெருவில் கிரிக்கெட் விளையாடும் பையன்கள், மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தால் அடிவயிறு கலங்கும். அது கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில், கொஞ்ச நேரத்தில் அவர்களே திரும்பி வந்து பையனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் ஒன்றைத் தூக்கிக் காட்டுவார்கள். யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்று சொல்லும் கடைசிப் பகுதி அதுதான். ஃபார்வர்டில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள்.

நான் எந்த வரியைப் பற்றிப் பேச வந்தேனோ அதை வெட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பரவும் வேகம் குறைந்திருக்கும். அனுப்பியது யார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

ஐந்தாண்டு கழித்து, 2023 மார்ச்சில், தமிழ்நாடே இதன் மறுமுனையில் நின்றது. இங்கே பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. ஒன்று பீகார்த் தொழிலாளர்களே இரு பிரிவாக அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்த தகராறு என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசு இங்கே குழு அனுப்பிப் பார்த்தது. அதற்குள் வீட்டிலிருந்து ‘உடனே கிளம்பி வா’ என்று போன் வந்து, திருப்பூரிலும் கோவையிலும் ரயில் ஏறியவர்கள் பலர். வடக்கே சில பத்திரிகைகளும் விசாரிக்காமல் அச்சிட்டன. அவற்றிலும் அந்தக் கடைசி வரி இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் அவர்கள்மீது வழக்குப் போட முடிந்தது. எனக்கு அப்போது தோன்றிய எரிச்சல் வேறு. திருப்பூரில் என்ன நடக்கிறது என்று எங்கள் தமிழ்ப் பத்திரிகைகள் ஒவ்வொன்றிலும் நிருபர் இருந்தார், சரியான செய்தியும் வந்தது. பாட்னாவில் யார் தமிழ் படிப்பார்கள்? வதந்திக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வீடியோவின் மேல் நாலு வார்த்தை இந்தியில் எழுதினால் போதுமாக இருந்தது.

வாசகரைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் காலத்தில் வாசகர் என்றால் கடிதம். மாதாமாதம் விற்பனைக் கணக்கு வரும். இரண்டுக்கும் நடுவில் வாசகர் யார் என்பது ஆசிரியரின் கற்பனை. இப்போது செய்தி அறைச் சுவரில் பெரிய திரை. எந்தச் செய்தியை இந்த நிமிஷம் எத்தனை பேர் பார்க்கிறார்கள், எத்தனை விநாடி நிற்கிறார்கள் என்று எண் ஓடிக்கொண்டிருக்கும். அண்மையில் ஒரு செய்தி அறைக்குப் போயிருந்தேன். மேட்டூர் அணை நீர்மட்டம் பற்றிய செய்தி ஒன்று திரையில் கீழே கிடந்தது. இருபது வயசுக்கு மேல் இராத ஒரு பெண் அதன் தலைப்பை மாற்றினார். ‘மேட்டூர் அணை நீர்மட்டம் உயர்வு’ என்பது ‘மேட்டூர் அணையில் நடந்த மாற்றம்’ ஆனது. எண் அசையவில்லை. ‘மேட்டூர் அணையில் திடீர் மாற்றம்… என்ன காரணம் தெரியுமா?’ ஆனது. எண் ஏறியது. காரணம் மழை. அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும், சிரித்துக்கொண்டேதான் செய்தார். டெல்டாவில் இருக்கும் விவசாயிக்கு ‘உயர்வு’ என்ற ஒரு சொல்தான் தேவை. அந்தச் சொல்தான் தலைப்பிலிருந்து முதலில் போனது.

வாசகனைக் குறை சொல்லாதீர்கள். அவன் எண்ணாக மாறியது அவன் கேட்டு நடந்ததல்ல. செய்தியை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அவன் பார்வையை விளம்பரதாரருக்கு விற்பது என்று முடிவெடுத்தது நாங்கள். அந்த விளம்பரக் காசிலும் பெரும் பங்கு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிறது என்று தெரிந்தபோது சந்தா கேட்க ஆரம்பித்தோம். ஓசியில் பழக்கிவிட்டுக் காசு கேட்டால் யார்தான் முகம் சுளிக்க மாட்டார்கள்?

2024 ஜனவரியில், தி.மு.க. தலைவர்களில் ஒருவரான டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அவர் 2018 ஆகஸ்டில் மறைந்துவிட்டார். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய முகமும் குரலும் அவை. அடுத்த மாதமே அ.தி.மு.க. தரப்பிலிருந்து ஜெயலலிதாவின் குரலும் வந்தது. இரண்டும் ஒளிவுமறைவின்றி, கட்சிகளே சொல்லிச் செய்தவை. தொண்டர்கள் கண்கலங்கினார்கள். அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த உரையில் சொன்ன கருத்துக்கு யார் பொறுப்பு? கருணாநிதி 1942-ல் முரசொலியைத் துண்டறிக்கையாகக் கொண்டுவந்தபோது ‘சேரன்’ என்ற புனைபெயரில் எழுதினார். பெயரை மறைத்தார், கருத்து அவருடையது. 2024-ல் பெயரும் முகமும் குரலும் அவருடையவை, கருத்து இன்னொருவருடையது. விழா மேடையில் பிரச்சினையில்லை. வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி, முகவரி இல்லாத ஓர் ஆடியோவில், உயிரோடு இருக்கும் ஒருவரின் குரலில் வந்தால் மறுப்பதற்கு எத்தனை மணி நேரம் இருக்கும்?

இதுவரை சொன்னதைக் கேட்டு, எல்லாவற்றுக்கும் கீழே பெயரையும் முகவரியையும் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மின்சாரமில்லை, பேட்டரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிப் பெட்டியை ஓடவிட்டுப் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். ஒருவர் சுற்ற, நாலு பேர் காது கொடுக்க. வாசகர் கூட்டம், நேயர் கூட்டம் என்று ஆய்வு செய்கிறவர்கள் இதைவிடப் பசியோடு செய்தி கேட்ட கூட்டத்தைக் காண்பது அரிது. 1941-ல் தொடங்கிய அந்தத் தமிழ் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் கடைசியோடு நின்று, இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் மாறியது. நியாயமான முடிவுதான். சிற்றலைப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது?

செய்திக்கு அவ்வளவு பசி இருந்த அதே ஊரில் ‘உதயன்’ நாளிதழுக்கு முகவரி இருந்தது. 2006 மே 2 அன்று அந்த முகவரிக்குத் துப்பாக்கியோடு வந்தார்கள். ஊழியர்கள் இருவர் செத்தார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அதற்கான யுனெஸ்கோ மாநாடு அந்த ஆண்டு கொழும்பில். 2013 ஏப்ரலில் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். 1997-ல் தொடங்கிய ‘தமிழ்நெட்’ இணையதளத்தில் நிருபர்களின் பெயர் இருக்காது. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதன் ஆசிரியர்களில் ஒருவரான சிவராமே சாட்சி. ‘தராக்கி’ என்ற புனைபெயரில் எழுதியவர். 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொண்டுபோய்க் கொன்றார்கள். சீனிவாசனுக்குச் சிறை, சிவராமுக்குக் குண்டு. பெயரைப் போடு என்று குளிர்சாதன அறையில் நின்று சொல்வது எனக்கு எளிது.

ஆகவே நான் கேட்பது நிருபரின் வீட்டு முகவரியை அல்ல. செய்திக்கு ஒரு பொறுப்பாளி வேண்டும், நிறுவனமாக இருந்தாலும் போதும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தித் தளங்களும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும் என்றன. கேட்க நன்றாக இருக்கிறது. அதே விதிகள் மேலே ஒரு படிக்கட்டைக் கட்டி, உச்சியில் அரசாங்கத்தை உட்கார வைத்தன. அதனால்தான் உயர் நீதிமன்றங்கள் அவற்றின் சில பகுதிகளை நிறுத்திவைத்தன. 1867-ஐப் போலவே நோக்கம் வேறு, நமக்குப் பயன்படும் பகுதி வேறு.

இந்து நாளிதழ் 2006-ல் வாசகர்களின் ஆசிரியர் என்று ஒருவரை நியமித்தது.  பத்திரிகைக்குள்ளேயே உட்கார்ந்து பத்திரிகையின் தப்பைப் பிடிக்கும் வேலை. தமிழ் நாளிதழ்களில் அந்தப் பதவி வேர்விடவில்லை. பெரிய செலவில்லை. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, அவமானப்படத் தயாரான ஒரு மூத்தவர். அச்சில் தப்பு வந்தால் மறுநாள் ‘திருத்தம்’ என்று நாலு வரி போடுவோம், வரி விளம்பரத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அதுவாவது இருந்தது. இணையத்தில் தப்பான வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகிறார்கள். காலையில் ‘மூவர் பலி’, மத்தியானம் ‘இருவர் படுகாயம்’. நடுவில் யார் எப்படிப் பிழைத்தார்கள் என்று சொல்வாரில்லை. இந்தத் துறையிலிருந்து இந்த ஆண்டு வேலைக்குப் போகிறவர்கள் முதல் வாரமே உங்கள் தலைமையிடம் இதைக் கேளுங்கள்: நம் நியூஸ் கார்டில் தேதி போடலாமா? முழுச் செய்திக்கு இணைப்பு வைக்கலாமா? தப்பான கார்டை அழிப்பதோடு நிற்காமல், அதே அளவில், அதே நிறத்தில், திருத்தக் கார்டு போடலாமா? முதல் இரண்டுக்குச் சரி என்பார்கள். மூன்றாவதுக்கு முறைப்பார்கள். விடாதீர்கள்.

கேள்வி நேரம் வந்துவிட்டது. மாணவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பதாகத் துறைத்தலைவர் ஒரு கற்றையை நீட்டினார். புரட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் பெயர் இல்லை. துறைத்தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், எனக்குக் காரணம் புரிகிறது. பெயர் இல்லாத சீட்டுகளிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.